ஏலத்துக்கு வந்த பிள்ளைவண்டி

அந்தப் பிள்ளைவண்டியை நான் முதலில் பார்த்தது எங்கள் சபை உபதேசியார் வீட்டு வராந்தாவில். ஒரு பக்கம் தேங்காய்க் குவியல், இன்னொரு பக்கம் மண் உதிராத சேனைக்கிழங்குகள், நடுவில் ஒரு பெரிய பூசணிக்காய். அதன் பக்கத்தில் பளபளவென்று இது நின்றது. எல்லாமே தேவாலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்த காணிக்கைகள். வயலும் தென்னை விளையும் உள்ளவர்கள் விளைந்ததில் நல்லதைக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வயல் கிடையாது, வளைகுடாதான் வயல். அங்கே இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம், தங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டதால் இதைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தது.

ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருந்தால் டூ இன் ஒன் என்பார்களே, இதையும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கீழே நாலு சக்கரமுள்ள சட்டம். மேலே பிள்ளையை உட்கார வைக்கும் சீட். ஒரு பட்டனை அமுக்கினால் சீட் மட்டும் தன் தூக்குப்பிடியோடு தனியே கழன்று வரும். அதைக் காருக்குள் வைத்து பெல்ட் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். சட்டத்தை மடக்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்தால் சட்டத்தில் மாட்ட இன்னொரு பெரிய சீட்டும் உண்டு. இந்த விளக்கமெல்லாம் அந்தக் குடும்பத்துப் பெண் சொன்னது. எங்கள் வீட்டில் கார் கிடையாது, சைக்கிள்தான் உண்டு. அதற்கும் அந்த வாரம் செயின் அறுந்து கிடந்தது.

கேரள எல்லையில் பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவே, ரயில் கேட்டைத் தாண்டி ரோட்டோரமாக இருந்தது எங்கள் வீடு. என் கணவருக்குத் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர் வேலை. அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். கல்யாணம் கூடிவராமல் நாற்பதைத் தாண்டியவர், வீட்டிலேயே மிஷின் வைத்துத் தைப்பார். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். பிறகு எங்கள் மகள். ஒரு வயது முடிந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பிடித்து நடக்க எதுவும் கிடைக்காவிட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள்.

நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிறுவயதில் வந்த காய்ச்சல் என் வலது காலை எடுத்துக்கொண்டது. அந்தக் காலை ஊன்றும்போது முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும், இல்லாவிட்டால் மடங்கிவிடும். அதனால் என் வலது கை எப்போதும் காலுக்குப் போனது. மிச்சம் இருந்த இடது கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை முற்றத்தில் இறங்கினேன். கால் வழுக்கி அப்படியே சரிந்தேன். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து மைனி என்னை முந்திக்கொண்டார். நான் எழுந்து நிற்பதற்குள் பிள்ளை அவர் இடுப்பில் இருக்கும். கடைக்கு, சபைக்கு, ஆசுபத்திரிக்கு எல்லாம் அவர் தூக்கிக்கொண்டு முன்னால் போவார், நான் பின்னால் கிந்திக்கிந்திப் போவேன். பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்தால், "பிள்ளைக்க அம்மா இருந்துக்கோங்க" என்று மைனியைத்தான் சொல்வார்கள். மைனி ஒருநாளும் திருத்தியதில்லை. நானும் திருத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்ப்பேன்.

எனக்கு இரக்கப்படுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "பாவம்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. இது என் குணம், இன்றும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அங்கன்வாடி டீச்சர் வீடுவீடாக வந்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிப் போனார். சொல்லும்போது என் காலைப் பார்க்கக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் காலை வாங்கியதும் அந்த நோய்தான். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊருக்கு அந்த மருந்து வரவில்லை, வந்திருந்தாலும் எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்காது. மகள் பிறந்ததிலிருந்து எத்தனையோ ஊசிக்கும் மருந்துக்கும் மைனி அவளைத் தூக்கிப் போயிருக்கிறார். இந்த ஒன்றுக்கு மட்டும் நானே கொண்டுபோக வேண்டும், நான் மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. வேறு சொல் தெரியவில்லை, வெறிதான்.

அந்த வெறியோடுதான் உபதேசியார் வீட்டு வராந்தாவில் அந்த வண்டியைப் பார்த்தேன்.

வீட்டில் பேச்சை எடுத்தேன். என் கணவர் எதையும் களியாக்கிச் சிரிக்கிற ஆள்.

"அது கொள்ளாம். காருக்க சீட்டு கிட்டியாச்சு, இனி கார் மட்டும் வாங்கினா போதும்" என்றார்.

"களியில்ல, நான் காரியமாட்டாக்கும் பேசுதேன்."

"நானும் காரியமாட்டாக்கும் செல்லுதேன். அதைத் தள்ளீட்டு நீ ரோட்டுல போனா, ஐஸ் வண்டிண்ணு நெனச்சு பிள்ளைகளு பொறத்தால ஓடி வரும்."

அதற்கப்புறம் அவர் கொஞ்சம் அடங்கி, நியாயங்களை எடுத்து வைத்தார். சக்கரம் சின்னது, ரயில் கேட்டில் தண்டவாள இடுக்கில் மாட்டும். மழைக்காலத்தில் வெளியே எடுக்க முடியாது. ஒரு சக்கரம் போனால் நெய்யாற்றின்கரையில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? பிள்ளை இன்னும் கொஞ்ச நாளில் ஓடத் தொடங்கிவிடுவாள், அப்புறம் வண்டியில் கோழியையா வைத்துத் தள்ளுவது? எல்லாமே சரியான பேச்சுதான். சீட்டைத் தனியாக விட்டு வண்டியை மட்டும் கேட்கலாமா என்றேன். ஏலத்தில் பாதிப் பொருளைக் கேட்பது எந்த ஊர் வழக்கம் என்று சிரித்தார்.

மைனி மிஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளை அவர் காலடியில் துண்டுத் துணிகளோடு இருந்தாள்.

"நீங்க என்ன செல்லுதீங்க மைனி?" என்று கேட்டேன். மரியாதைக்குத்தான் கேட்டேன்.

"எனக்க இடுப்புக்கு ஒண்ணும் ஆகல்ல மக்கா" என்றார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு முள்ளாகத் தைத்தது. இந்தப் பொம்பளைக்கு என் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்க மனமில்லை என்று அப்போதே முடிவு கட்டினேன். சொந்தமாகப் பிள்ளை இல்லை, அதனால் என்னுடையதை எடுத்துக்கொண்டார் என்று, வாய்விட்டுச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும்படியான ஒன்றை நினைத்தேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அது உள்ளேயே கிடந்து வளர்ந்தது.

புதன்கிழமை உபதேசியார் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். நான் வேண்டுமென்றே கொஞ்சம் முந்திப் போனேன். வராந்தாவில் யாரும் இல்லை, உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. பூசணிக்காயை ஓரமாக உருட்டிவிட்டு வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். அழுத்திப் பார்த்தேன். அது ஓடவில்லை, கனமாக நின்றது. மெல்லத் தள்ளினேன். ஒரு அடி வைத்தேன், இன்னொரு அடி வைத்தேன். என் வலது கை முழங்காலில் இல்லை, கைப்பிடியில் இருந்தது. பாரத்தையெல்லாம் கைப்பிடி வாங்கிக்கொண்டது. கால் மடங்கவில்லை. அந்த சிமெண்டுத் தரையில் முதுகு நிமிர்ந்து, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். திரும்பி வந்தேன். எனக்கு ஒரே சிரிப்பாக வந்தது. பிள்ளைக்கு என்று பார்க்க வந்தது எனக்கும் சேர்த்துச் செய்த சாதனம்போல இருந்ததே என்று.

"பிள்ளே, நீ எவ்வளவு நல்லா நடக்கே."

உபதேசியாரின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஜெபக்கூட்டத்துக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர். யாரோ "பாவம்" என்றார்கள். யாரென்று பார்க்க நான் தலையைத் தூக்கவில்லை. கடையில் எதையோ திருடும்போது பிடிபட்டவள்போலக் கைப்பிடியை விட்டேன். விட்டதும் கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்று ஜெபத்தில் எனக்காகவும் என் காலுக்காகவும் தனியாக ஒருவர் ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தரை இரண்டாகப் பிளந்தால் தேவலை என்று என் பங்குக்கு ஜெபித்தேன்.

உபதேசியாரின் மனைவி நல்ல பெண்மணி. அதுதான் தொந்தரவு. பண்டிகைக்குள் அவர் சபையில் வீடுவீடாகச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைவண்டி இன்னாருக்கு வேண்டும், அவளுக்குக் கால் முடியாது, யாரும் எதிராகக் கேட்டு விலையை ஏற்றிவிட வேண்டாம். இது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் சபை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் பந்தல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கமிட்டிக்காரர் ஒருவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கூவுவார். ஒரு தேங்காய்க்குக் கடையில் என்ன விலை என்று பார்த்துக் கேட்கிறவன் அங்கே ஆளே இல்லை. எதிரே கேட்க ஆள் இருக்க வேண்டும், விலை ஏற வேண்டும், பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும். மச்சானும் மச்சானும் ஒரு பலாப்பழத்துக்காகப் போட்டி போட்டு, அதில் ஒருவன் கடனாளியாகி, அப்புறம் இருவரும் சேர்ந்து அதைச் சுளை சுளையாகத் தின்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், "ஏலத்துக்கே விடுங்க" என்று சொல்லலாம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளையும் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. அதே பொருள் மறுபடியும் ஏலம் போகும். அப்படிச் சொல்கிறவரைப் பார்த்து எல்லாரும் கை தட்டுவார்கள். அந்த ஆண்டு ஒரே பூசணிக்காய் சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள் ஏலம் போய்க்கொண்டிருந்தது.

என் கணவர் பணம் எடுத்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே ஒத்துக்கொண்டுவிட்டார், வேறு காரணம் இல்லை. பெண்களெல்லாம் பந்தலின் இந்தப் பக்கம் இருந்தோம். நான் ஒரு நாற்காலியில், கொஞ்சம் தள்ளி மைனி, பிள்ளை அவர் இடுப்பில்.

வண்டியைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்ததும் ஒரே சிரிப்பு. கமிட்டிக்காரர் பட்டனை அமுக்கிச் சீட்டைக் கழற்றிக் காட்டினார். மறுபடி மாட்டத் தெரியாமல் திண்டாடினார். வளைகுடாக் குடும்பத்துப் பெண் போய் மாட்டிக் கொடுத்தார்.

"காறுள்ளவரு காறுல வைக்கலாம், காறில்லாதவரு வீட்டுல வைக்கலாம்" என்று கமிட்டிக்காரர் கூவினார். ஆரம்ப விலையைச் சொன்னார்.

பின்வரிசையில் நின்ற ஒரு இளவட்டம் விளையாட்டுக்கு விலையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டான். பக்கத்தில் நின்றவர் அவன் தோளில் தட்டி ஏதோ சொன்னார். அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் என் கணவர் கேட்டார்.

பந்தல் அடங்கிவிட்டது. அதுவரை காற்றில் கிடந்த சத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். பெண்கள் பக்கத்தில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நோயாளியைப் பார்க்கப் போனால் சிரிப்போமே அந்தச் சிரிப்பு. கமிட்டிக்காரர்கூட எப்போதும்போல நீட்டி முழக்காமல், அவசர அவசரமாக "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடித்தார். உபதேசியாரின் மனைவி கையைக் கூப்பி வானத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு தேங்காய்க்கு அடித்துக்கொள்கிற கூட்டம் எனக்காக வாயை மூடிக்கொண்டது. காது மடல் எரிந்தது. எழுந்து ஓடலாம் என்றால் ஓடுகிற காலா எனக்கு இருக்கிறது?

என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் களியாக்குகிற அந்த மனிதரின் முகம் கறுத்துப்போயிருந்தது. அவருக்கும் விளங்கிவிட்டது. பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வண்டியைத் தொடவில்லை. சத்தமாகச் சொன்னார்:

"ஏலத்துக்கே விடுங்க."

யாரும் கை தட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கமிட்டிக்காரர் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என் கணவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார், என் வண்டி போய்விட்டது. வேறு எந்த ஊரிலாவது ஒரு மனிதன் தனக்கு வேண்டிய பொருளைப் பணம் கொடுத்து வாங்கி, வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுப்பானா? எங்கள் ஊரில் கொடுப்பான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் சொட்டு மருந்து கொடுக்கிற அடுத்த ஞாயிறு என் கண் முன்னால் வந்தது. மைனி முன்னால் போகிறார், நான் பின்னால் கிந்திக்கொண்டு போகிறேன், என் பிள்ளையின் வாயில் அந்த மருந்தை யாரோ விடுகிறார்கள்.

கமிட்டிக்காரர் மறுபடி ஆரம்ப விலையைச் சொன்னார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்தேன். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு பெண்களுக்கு முன்னால் வந்து நின்றேன். பெண்கள் ஏலம் கேட்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. வேண்டுமானால் யாரையாவது விட்டுக் கணவன் காதில் சொல்ல வைப்பார்கள். நான் கேட்டேன். என் குரல் கீச்சென்று வந்தது. அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மறுபடியும் அதே அமைதி. கமிட்டிக்காரர் வாயைத் திறந்து, "ஒரு தரம்" என்றார். அவர் குரலிலும் அந்தப் பாவம் இருந்தது. அவர் இரண்டாவது தரம் சொல்வதற்குள் செத்துப்போகலாம்போல இருந்தது.

"அதுக்கு மேல அம்பது."

எனக்குப் பின்னால் இருந்து வந்தது. திரும்பினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைனி நின்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, கமிட்டிக்காரரைப் பார்த்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் சந்தேகப்பட்டது சரிதான், பார், ஊர் முன்னால் வெளியே வந்துவிட்டது என்று ஒரு குரூரமான சந்தோஷம்கூட வந்தது. என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே என் வண்டியைத் தடுக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே கேட்டேன். மைனி அதற்கு மேல் கேட்டார். நான் மறுபடி கேட்டேன். மைனி விடவில்லை. பந்தலில் சலசலப்பு கிளம்பியது. ஆண்கள் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். "நாத்தூனும் நாத்தூனும் ஏலமாக்கும், விடாதே எலே" என்று ஒருவர் சத்தம் போட்டார். கமிட்டிக்காரருக்கு உயிர் வந்துவிட்டது, நீட்டி முழக்கத் தொடங்கினார். அந்த வளைகுடாப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யாரும் என் காலைப் பார்க்கவில்லை. நான் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். முழங்காலைப் பிடிக்காமல் எத்தனை நேரம் அப்படி அங்கே கிடந்த ஒரு நாற்காலியின் முதுகில் சாய்ந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் நான் ஒரு விலை சொன்னேன். மைனி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இனி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

"மூணு தரம்" என்றதும் பந்தல் கை தட்டியது. எங்கள் சபையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. என் கணவர் கையில் மிஞ்சியதோடு இங்கும் அங்கும் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டினார். அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

வீட்டுக்குக் கிளம்பினோம். பிள்ளையை வண்டியில் வைத்தோம். அந்தக் கார் சீட் கைக்குழந்தை அளவுக்கு இருந்ததால் அவள் கால் வெளியே தொங்கியது. அதைக் கழற்றிவிட்டு, சட்டத்தோடு வந்த பெரிய சீட்டை மாட்டி உட்கார வைத்தோம். கழற்றிய கார் சீட்டை யார் எடுப்பது என்று ஒரு கணம் நின்றோம். மைனி எடுத்துக்கொண்டார். தூக்குப்பிடியைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய பொருளை இடுப்பில் வைத்துக்கொண்டார். என் கணவர் சேனைக்கிழங்கு எடுத்த ஒருவரோடு பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். தார் ரோடு. நிமிர்ந்து நடந்தேன். என் பிள்ளை என் முன்னால் இருந்து திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக மைனி எனக்குப் பின்னால் வந்தார். அந்தச் சந்தோஷத்தை என்னால் அனுபவிக்க முடியவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ரயில் கேட் அடைத்துக் கிடந்தது. நின்றோம். இனியும் அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு அந்தப் பைசா எங்கேருந்து வரும் மைனி? ஏலம் உங்களுக்குக் கிட்டியிருந்தா என்ன செய்திருப்பீங்க?"

"கிட்டாது."

"கிட்டாதுண்ணு தெரிஞ்சா எதுக்குக் கேட்டீங்க? ஆளுவ முன்னால வச்சு என்னை நாணங்கெடுத்தவா?"

மைனி என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபப்படவில்லை. வெட்கப்பட்டார், நான் பட வேண்டிய வெட்கத்தை அவர் பட்டார்.

"எல்லாரும் வாய மூடி மிண்டாம இருந்தாவ மக்கா. தம்பிக்கும் மிண்டாம இருந்து தந்தாவ, உனக்கும் அப்படியே தருவாவ. அது உன்னால தாங்கவா செய்யும்? உனக்கு எதிர கேக்க ஒரு ஆளு வேண்டாமா?" என்றார். "வேற ஆரும் கேக்கமாட்டாவண்ணு தெரிஞ்சுது. அதாக்கும் நான் கேட்டேன்."

எத்தனை வருடம் இந்த மனுஷி என்னோடு ஒரே அடுப்பில் பொங்கித் தின்றிருக்கிறார். நான் பஸ் ஜன்னலில் பல்லைக் கடித்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் சுபாவத்தை என் கணவரைவிட, என்னைப் பெற்றவளைவிட அவர் தெரிந்து வைத்திருந்தார். நானோ அவரைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முயன்றேன், அதுவும் தப்பாக.

"நான் விட்டுக்குடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"நீ விடமாட்ட."

ரயில் போனது. கேட் திறந்தது. நான் தள்ளினேன். என் கணவர் சொன்னபடியே முன்சக்கரம் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டது. எனக்குப் பின்னால் ஒரு ஜீப் ஹார்ன் அடித்தது. மைனி ஓடி வரவில்லை. எப்போதும் முந்திக்கொள்கிறவர், கார் சீட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இனி நான் கூப்பிடாமல் வரக் கூடாது என்று அந்தக் கேட்டில் வைத்து அவர் முடிவெடுத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் திரும்பி, "மைனி, ஒரு கை பிடியுங்க" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. அவர் எவ்வளவு சந்தோஷமாக வந்தார் என்பதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.